சண்டை வேண்டாம், கதை போதும்!

தொடர்கதையில் போர்க்களம் வந்தால் இரண்டு பக்கம் தள்ளி, கதாநாயகி என்ன ஆனாள் என்று பார்க்கிற ஆசாமி நான். இதற்காக எந்த ஆசிரியரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. இதே சலுகையை வீடியோ விளையாட்டில் கேட்டுப் பாருங்கள். உலகமே சண்டைக்கு வந்துவிடும்!

பிள்ளை ஆடுவதைப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து, 2012-ல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட் 3' விளையாட்டில் என் அக்காவுக்கு ருசி தட்டிவிட்டது. பூமியை எதிரிகள் தாக்குகிறார்கள். தளபதி ஷெப்பர்ட் துணை தேடி அண்டமெல்லாம் அலைய வேண்டும். தளபதி ஆணா, பெண்ணா என்பது ஆடுகிறவர் இஷ்டம். அக்கா பெண்ணைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனதும் கதை நடுவழியில் நின்றது. அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. துப்பாக்கியைக் குறிபார்ப்பதற்குள் தளபதி செத்து விழுந்தாள். நல்ல வேளையாக, அந்த விளையாட்டிலே சண்டையை மிகவும் சுலபமாக்கும் 'கதை' முறை ஒன்று உண்டு. அக்கா முதலிலிருந்து அப்படி ஆடினாள்.

விடுமுறைக்கு வந்த பிள்ளை சிரித்தான். "இது ஆட்டமா, சித்தி? அம்மா சினிமா பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்!"

அக்கா பதில் பேசாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதைத் தயாரித்த பயோவேர் கம்பெனியில் எழுத்தாளராயிருந்த ஜெனிஃபர் ஹெப்லரும் இதில் அகப்பட்டவர்தாம். வசனத்தைத் தாண்ட வழி இருக்கிறதே, சண்டையைத் தாண்டவும் ஒரு பொத்தான் இருந்தாலென்ன என்ற கருத்தை 2006-ல் ஒரு பேட்டியில் சொன்னார். 2012-ல் யாரோ அதைத் தோண்டி எடுக்க, அவர்மேல் வசைமாரி பொழிந்தது.

பிள்ளையின் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (1974) போர் விளையாட்டிலிருந்து பிறந்ததுதான். 'அண்டர்டேல்' (2015) என்ற ஆட்டத்தை ஒருவரையும் கொல்லாமல் முடிக்கலாம்; ஆனால் கொல்லவும் முடியும் என்பதால்தானே அங்கே கருணைக்கு மதிப்பு? ஆகவே சண்டையை ஒழிக்கச் சொல்லவில்லை. வேண்டாதவர்களுக்கு ஒரு பக்கவாசல் திறந்திருக்கட்டும் என்கிறேன். அதனால் முன்வாசல் மூடிவிடாதே!

அன்றிரவு சாப்பிடும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டா, அந்த ஜனங்களுக்குப் பிள்ளைப்பேறு வாய்க்க மருந்து வருகிறதே, அதைக் கொடுப்பதா, ரகசியமாகத் தடுப்பதா என்ற இடத்தில் நீ என்ன செய்தாய்?"

"கொடுத்தேன் என்று நினைக்கிறேன். ஞாபகமில்லை, அம்மா."

"நான் மூன்று நாள் யோசித்தேன். பிறகு பெருகிப் படையெடுத்தால் என்ன செய்வது என்று பயமாயிருந்தது. கடைசியில் கொடுத்துவிட்டேன்."

பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா கொடுத்தாய்?" என்று கேட்டான்.

அம்மாவும் பிள்ளையும் பேசி முடிக்கப் பத்தரை மணி ஆகிவிட்டது. ரசம் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.