டிரையல் பேலன்ஸ் டேலி ஆனால் போதுமா?

"ஜாவா, எக்ஸ்எம்எல்" என்று பேச்சை ஆரம்பித்தாலே காமர்ஸ் வகுப்பில் பாதிப் பேர் "அது பி.இ. படிக்கிறவங்க சமாச்சாரம்" என்று நழுவிவிடுவார்கள். ஆனால் இந்த இரண்டும் நிறையப் புழங்குவது பில், வரி, வங்கிக் கணக்கு என்று காமர்ஸ்காரர்களின் பேட்டையில்தான்!

முதலில் சின்ன அறிமுகம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் உருவாக்கி 1995-ல் வெளியான நிரல்மொழி ஜாவா. 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஒரு முறை எழுதிய புரோகிராம் விண்டோஸ், லினக்ஸ் என்று எங்கே போனாலும் ஓடும் என்பதே ஜாவாவின் பெருமை. எக்ஸ்எம்எல், டபிள்யூ3சி அமைப்பு 1998-ல் வெளியிட்ட ஒரு தரநிர்ணயம். ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் தகவல் இன்னொன்றுக்குப் புரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்பும் முறை. இப்படி:

<பில்>
<தேதி>2024-04-01</தேதி>
<தொகை>50000.00</தொகை>
</பில்>

தமிழில் டேக் போட்டிருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், எக்ஸ்எம்எல்லில் இதுவும் செல்லும். இன்னொரு வேடிக்கை: 2007-க்குப் பிறகு வந்த எக்ஸெல் கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் எக்ஸ்எம்எல்தான்.

இப்படி வரும் கோப்பை ஜாவா புரோகிராம் இரண்டு விதமாகச் சோதிக்கலாம். திறந்த டேக் எல்லாம் ஒழுங்காக மூடப்பட்டிருக்கிறதா என்பது முதல் சோதனை. தேதி தேதி மாதிரியும் தொகை எண் மாதிரியும் இருக்கிறதா என்று ஸ்கீமாவோடு ஒப்பிடுவது இரண்டாவது. ஸ்கீமாவில் தொகையை எண் என்று சொல்லிவைத்த பிறகு யாராவது "50,000" என்று கமா போட்டு எழுதினால் அதைக்கூட ஏற்காது. அவ்வளவு கறார்!

புதிதாகக் கற்றுக்கொள்பவர் இந்த இரண்டும் பாஸ் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார். இங்கேதான் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் ஞாபகத்துக்கு வர வேண்டும். 50,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கி, அதைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? பற்றும் வரவும் சமம், டிரையல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும். ஆனால் கணக்கு தப்பு. 'விதிப்பிழை' என்று படித்தோமே, அதுதான். டேலி ஆவது கணக்கு சரி என்பதற்கு முடிவான ஆதாரம் அல்ல. எக்ஸ்எம்எல்லுக்கும் அதே கதைதான்.

மேலே உள்ள பில்லையே எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 1-ம் தேதி போட்ட பில். ஜாவாவின் பழைய 'டேட்' வகை நாளைச் சேமிப்பதில்லை, ஒரு கணத்தைச் சேமிக்கிறது. கடையில் உள்ள கம்ப்யூட்டர் அதை ஏப்ரல் 1, நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது என்றால் அதே கணம் அங்கே மார்ச் 31, மாலை 6.30. சர்வர் எழுதும் எக்ஸ்எம்எல்லில் தேதி 2024-03-31 என்று விழும். டேக் சரி. ஸ்கீமா சரி. புரோகிராமும் எங்கேயும் நிற்காமல் ஓடியது. பில் மட்டும் 2023-24 நிதியாண்டுக்குப் போய்விட்டது!

மற்ற நாட்களில் தேதி ஒன்று பின்னால் போனால் யார் கண்ணிலும் படாமலே போகலாம். ஏப்ரல் 1-ல் போனால் ஒரு வருடத்தின் விற்பனை இன்னொரு வருடத்தில் ஏறும், லாபம் மாறும், வரி மாறும். ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் புரோகிராம் எழுதியவர் அல்ல, கடைக்காரர். அவர் செய்த தப்பு எதுவுமே இல்லை.

இதற்கு மருந்து உண்டு. 2014-ல் வந்த ஜாவா 8-ல் 'லோக்கல்டேட்' என்று ஒரு வகை இருக்கிறது. மணியும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது, வெறும் நாள் மட்டும். பணத்துக்கும் இதே போலத்தான். 'டபுள்' வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பைசா சுத்தமாகக் கணக்கு வேண்டும் என்றால் 'பிக்டெசிமல்' வேண்டும்.

மருந்தின் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நோய் எங்கே வரும் என்று தெரிவதுதான் கஷ்டம். புரோகிராமைச் சோதிக்கும்போது கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தவர் இன்றைய தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடலாம். கணக்கு படித்தவர் கை முதலில் மார்ச் 31-ஐயும் ஏப்ரல் 1-ஐயும்தான் அடிக்கும்.

"எக்ஸ்எம்எல் பழசாகிவிட்டதே, இனிமேல் படிப்பானேன்" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். வருமான வரி ரிட்டர்ன் கோப்பே 2021-22 மதிப்பீட்டு ஆண்டில் எக்ஸ்எம்எல்லிலிருந்து ஜேசனுக்கு மாறிவிட்டது. இ-இன்வாய்ஸும் ஜேசன்தான். அதே சமயம் கம்பெனிகள் விவகார அமைச்சகத்துக்குப் பல நிறுவனங்கள் கணக்கு தாக்கல் செய்யும் எக்ஸ்பிஆர்எல், எக்ஸ்எம்எல் அடித்தளத்தில் நிற்பது. நாளைக்கு அதுவும் மாறலாம். ஆனால் தப்பான தேதி ஜேசனில் போனாலும் தப்பான தேதிதான்.

அதனால் காமர்ஸ் நண்பர்களே, ஜாவா கிளாஸில் சேரும்போது பழைய அக்கவுண்ட்ஸ் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டேக் மூடியிருக்கிறதா என்று பார்க்க பார்சர் இருக்கிறது. அந்த 50,000 ரூபாய் எந்த வருடத்துக் காசு என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.