குறிஞ்சி பூக்காத கொடைக்கானல்... நாலு நண்பர்கள், ஒரு நாள்!

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பின் பெயர் 'குறிஞ்சி 2018'. ஏழு வருடங்களாக யாரும் அதை மாற்றவில்லை. எதற்காகத் தொடங்கினோமோ, அது நடக்கவே இல்லையே!

மதுரையில் ஜர்னலிசம் டிப்ளோமா ஒன்றாகப் படித்த நாலு பேர் நாங்கள். 12 வருடங்களுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, 2018-ல் பழனி மலைத்தொடரில் பூத்தது. 'கண்டிப்பா போறோம்' என்று குரூப் ஆரம்பித்தோம். முதலில் பரீட்சை, அப்புறம் மழை, அப்புறம் கையில் காசில்லை. குறிஞ்சிச் செடி ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்து, விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிடும். அதுவும் முடிந்தது. நாங்கள் போகவில்லை.

பிறகு ஆளுக்கொரு திசை. நான் சென்னையில், இந்த டிஜிட்டல் டெஸ்க்கில். திருச்சிக்காரன் பெங்களூரில் விளம்பர வேலை. கோவைக்காரிக்கு இரண்டு வயதில் மகன். வத்தலக்குண்டுக்காரி மட்டும் சொந்த ஊரில், அப்பா நடத்திய மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள்.

கடந்த ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தது. 'பூ இல்லைன்னா என்ன, போயிட்டு வருவோம்' என்று கிளம்பினோம்.

காலை ஆறரை மணிக்கு வத்தலக்குண்டு பேருந்து நிலையம். எங்களுக்கு முன்பே வந்து துண்டு போட்டு சீட் பிடித்து வைத்திருந்தாள் வத்தலக்குண்டுக்காரி. சொந்த வண்டியிலோ வாடகை காரிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ம் தேதி முதல் இந்த நடைமுறை. அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை. இன்னொரு விஷயம், தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப்போங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

மலை ஏற ஏற ஜன்னல் கண்ணாடியில் பனித்துளி. 180 அடி உயர வெள்ளி அருவி கண்ணில் பட்டதும் கோவைக்காரி கத்தியே விட்டாள். "ரெண்டு வருஷத்துல, பையன் இல்லாம நான் வெளிய வர்ற முதல் நாள்டி இது!" பேருந்தே திரும்பிப் பார்த்தது.

கொடைக்கானலில் இறங்கி, சூடாக இட்லி சாப்பிட்டுவிட்டு, குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு நடந்தோம். மூன்று கிலோமீட்டர் சொச்சம். பேசிக்கொண்டே நடந்தால் தெரியாது. 1936-ல் கட்டப்பட்ட முருகன் கோயில் இது. கட்டியவர், ஐரோப்பாவில் பிறந்து இந்து மதத்தைத் தழுவிய லீலாவதி என்ற பெண்மணி. வானம் தெளிவாக இருந்தால் கோயிலுக்குப் பின்னாலிருந்து பழனி தெரியும். எங்களுக்குத் தெரிந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது, இந்த மலையின் பளியர் மக்கள் குறிஞ்சி பூக்கும் கணக்கை வைத்து வயதைச் சொல்வார்களாம் என்று நான் ஆரம்பித்தேன். உடனே திருச்சிக்காரன் விரல் விட்டு எண்ணினான். "2006, 2018... நமக்கெல்லாம் ரெண்டு குறிஞ்சி. சின்னப் பசங்கதான்!"

வத்தலக்குண்டுக்காரியும் எண்ணினாள். "1970, 82, 94, 2006, 2018. எங்கப்பாவுக்கு அஞ்சு குறிஞ்சி. ஆறாவது பார்க்கல."

யாரும் எதுவும் பேசவில்லை. அவள் அப்பா 2021 மே மாதம் இறந்துபோனார்.

மதியம் ஏரிக்கரை. இந்த ஏரி இயற்கையானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைக்குக் கரை கட்டி உருவாக்கிய ஏரியாம். சுற்றிவர சுமார் ஐந்து கிலோமீட்டர். வாடகை சைக்கிளில் ஒரு சுற்று வந்து, மிளகாய்ப்பொடி தடவிய சோளம் சாப்பிட்டு, டிப்ளோமா நாட்களின் பழைய வம்பையெல்லாம் கிளறிச் சிரித்தோம். ஆனால், காலையில் கேட்ட அந்த ஒரு வரி எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு கோக்கர்ஸ் வாக். மலைச் சரிவின் விளிம்பில் 1872-ல் போடப்பட்ட நடைபாதை. போனபோது கீழே சமவெளி தெரிந்தது. பத்தே நிமிடத்தில் மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது. பக்கத்தில் நிற்பவர் முகமே மங்கல். ஒருவேளை அதனால்தான் திருச்சிக்காரனுக்குத் தைரியம் வந்ததோ என்னவோ.

"உங்கப்பா இறந்தப்போ நாங்க வந்திருக்கணும்."

"லாக்டௌன்ல எப்படிடா வருவீங்க?"

"அது முடிஞ்ச பிறகு?"

அவள் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு குரூப்ல மூணு பேரும் கைகூப்புற எமோஜி போட்டீங்க. அடுத்து யாராவது கூப்பிடுவீங்கன்னு ரெண்டு நாள் போனையே பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் கடை, அம்மான்னு ஓடிருச்சு. கோபமெல்லாம் இல்ல. ஆனா, ஞாபகம் இருக்கு."

தினமும் எத்தனையோ பேருக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்புவது என் வேலை. ஒரே ஒரு போன் செய்யத் தோன்றவில்லை. "மன்னிச்சுடுடி" என்றேன். கோவைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேகம் விலகும்வரை அப்படியே நின்றோம்.

கிளம்பும்போது மலைப்பூண்டும் பேரிக்காயும் வாங்கினோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. உரிக்கும்போதே வாசனை மூக்கில் ஏறும்.

வத்தலக்குண்டில் இறங்கி நேராக அவரவர் ஊருக்கு பஸ் ஏறுவதுதான் திட்டம். "அம்மா தோசைக்கு மாவு வெச்சிருக்காங்க" என்றாள். போனோம். கூடத்துச் சுவரில் மாலை போட்ட அப்பாவின் படம். நாலு வருடம் தாமதமாக அதன் முன்னால் நின்றோம். "வாங்க கண்ணு, பசியோட இருப்பீங்க, முதல்ல சாப்பிடுங்க" என்றார் அம்மா. வேறெதுவும் கேட்கவில்லை. நாங்கள் வாங்கிவந்த பூண்டிலேயே சட்னி அரைத்துக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் திருச்சிக்காரன் போனை எடுத்தான். "குரூப் பேரை 'குறிஞ்சி 2030'னு மாத்திடவா?"

"அவ்வளவு நாளெல்லாம் காத்திருக்க முடியாதுடா" என்றாள் வத்தலக்குண்டுக்காரி. "தை மாசம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அப்போ யாராவது ஒருத்தர் கூட இருந்தா நல்லா இருக்கும்."

ஜனவரிக்கு நான் இப்போதே லீவு சொல்லிவிட்டேன்.