பழுப்பு வண்ணமும் பழமையும்

ஓடுங் காலத்தை ஒரு கணமேனும் நிறுத்தி வைக்க மாந்தர் கண்ட வழிகள் பல. கல்வெட்டு அவற்றுள் ஒன்று, ஓவியம் ஒன்று, நிழற்படம் பிறிதொன்று. இவற்றுள் நிழற்படமே இந்நாளில் மாணவர் யாவர்க்கும் எளிதிற் கைவந்தது. விடுமுறையில் ஊர் சுற்றி மீளும் நண்பர்கள் தாம் எடுத்த படங்களை நமக்குக் காட்டுகின்றனர். மலையும் அருவியும் கோபுரமும் அவற்றுட் பலவற்றில் தத்தம் நிறத்தை இழந்து செம்பழுப்பாய்த் தோன்றுகின்றன. காரணம் வினவினால், "அப்பொழுதுதான் காலங் கடந்த தோற்றம் வருகிறது" என்பது அவர்தம் விடை. இவ்விடை எத்துணைப் பொருத்தமுடையதென்பதைக் குற்றாலத்தையும் தென்காசியையும் சான்றாகக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

இப்பழுப்பு வண்ணத்தைச் செபியா என்பர். செபியா என்பது கணவாய் மீனின் கிரேக்கப் பெயர். அம்மீன் பகைக்கு அஞ்சி உமிழும் மையிலிருந்து எடுத்த வண்ணத்தை ஐரோப்பிய ஓவியர் கையாண்டனர். பின்னர் அந்நிறமுடைய நிழற்படங்களுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார் 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் எடுத்த படங்கள் பழுப்புச் சாயலுடையன. பழமை தோன்ற வேண்டுமென்று அவர் அந்நிறத்தைத் தேர்ந்தாரல்லர். அக்காலத்துப் படத்தாளில் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியனவாய் அமைந்தமையின் அந்நிறம் இயல்பாகவே வந்தது.

பிற்காலத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களை வேண்டுமென்றே பழுப்பாக்கும் முறை வழக்கிற்கு வந்தது. பொட்டாசியம் பெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த நீரிற் படத்தை இட்டு வெளிறச் செய்வர். பின்னர்ச் சோடியம் சல்பைடு கரைந்த நீரில் இடுவர். அழுகிய முட்டையின் நாற்றம் அறை முழுதும் பரவும். படமோ அழகிய பழுப்பு நிறம் பெற்று மீண்டெழும். வெள்ளி கந்தகத்தோடு கூடி, எளிதிற் கெடாத பொருளாகிவிடுதலே இதன் மருமம். ஆகவே அந்நாளைப் பழுப்பு வண்ணம் படத்தின் அழகுக்கு மட்டுமன்றி அதன் ஆயுளுக்கும் உதவிற்று. இன்று கைப்பேசியில் ஒரு விரல் தொட வரும் பழுப்பிலோ வெள்ளியுமில்லை, கந்தகமுமில்லை. அது பழமையின் தோற்றத்தைத் தருமேயன்றிப் படத்திற்கு ஒரு நாள் ஆயுளையுங் கூட்டாது.

நிற்க. சென்ற ஆடித் திங்களில் நாமும் நண்பர் ஒருவரும் குற்றாலஞ் சென்றோம். சாரல் நன்கு பொழிந்துகொண்டிருந்தது. திரிகூட மலையின் முடிகளை மேகம் மூடியிருந்தது. சிற்றாறு பேரருவியாய் வீழ்ந்து, பொங்குமாங்கடலிற் சுழன்றெழுந்து, மீண்டும் கீழே பாய்ந்தது. அவ்வேளையில் வெண்மையும் கருமையும் அவற்றிடைப்பட்ட மங்கலுமன்றி வேறு நிறம் மிகுதியாய்க் கண்ணிற் படவில்லை. நண்பர் எடுத்த அருவிப் படம் பழுப்பிலும் அழகாகவே இருந்தது. பாறையின் திண்மையும் நீரின் மென்மையும் நிறத்தின் குறுக்கீடின்றித் தெளிவாய்த் தோன்றின. நிறத்தைக் குறைத்து வடிவத்தைக் காட்டுவதே நோக்கமாயின், செபியா நல்ல துணையென்பதை நாம் மறுக்கவில்லை.

அங்கிருந்து சித்திர சபைக்குச் சென்றோம். ஐம்பெருஞ் சபைகளுள் திருவாலங்காடு இரத்தினமும், சிதம்பரம் பொன்னும், மதுரை வெள்ளியும், திருநெல்வேலி செம்பும் ஆகத் திருக்குற்றாலம் சித்திரமாயிற்று. இங்கே கூத்தப்பிரான் ஓவிய வடிவிலேயே காட்சி தருகின்றான். சுவரெங்கும் வண்ண ஓவியங்கள். அவற்றையும் பழுப்பாக்கிப் பார்த்தால் என்னவென்று நண்பர் தம் கைப்பேசியிலிருந்த பழைய படமொன்றை மாற்றிக் காட்டினார். செம்மையும் பசுமையும் ஒன்றாய்க் கலங்கி, எது ஆடை எது மேனியெனப் பிரித்தறிய இயலாதாயிற்று. அவரே நகைத்து அதனை அழித்துவிட்டார். வண்ணமே உயிராகவுள்ள பொருளிடத்துச் செபியா கொடுப்பதினும் கவர்வதே மிகுதி.

இவ்விரண்டினும் நம் சிந்தையைப் பெரிதுங் கவர்ந்தது தென்காசியிற் கண்டதொரு படம். நாம் உணவருந்தச் சென்ற விடுதியொன்றின் சுவரில் காசி விசுவநாதர் கோயிற் கோபுரம் ஒன்பது நிலையும் விளங்கப் பழுப்பு நிறத்தில் மாட்டப்பட்டிருந்தது. கீழே "பழைய தென்காசி" என்று எழுதியிருந்தனர். நண்பர் அதனை வியந்து நோக்கினார். பக்கத்தில் அமர்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் முறுவலித்து, "தம்பி, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தக் கோபுரத்துக்கு உச்சியே கிடையாது. இரண்டாகப் பிளந்து நிற்கும், நடுவிலே வானந் தெரியும்" என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்தது அக்கோயில். அதன் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சிதைந்து, நூறாண்டுக்கு மேலாகப் பிளவுண்டே நின்றது. இப்பொழுது நாம் காணும் ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள கோபுரம் மீண்டும் கட்டப்பெற்று 1990இற் குடமுழுக்குக் கண்டது. எனவே தென்காசியின் மெய்யான பழைய படத்தில் இருக்கவேண்டியது பிளவு; சுவரிலிருந்த படத்தில் இருந்ததோ முழுமை. அண்மைக் காலத்துக் கோபுரத்திற்குப் பழுப்பு வண்ணம் ஐந்நூறாண்டுப் பழமையை அளித்துவிட்டது! அதனால் மறைந்தது ஆண்டுக் கணக்கு மட்டுமன்று. பிளவைக் கண்டு வருந்தினோர் வருத்தமும், பொருளீட்டிக் கல் சுமந்து மீண்டும் எழுப்பினோர் உழைப்பும் ஒருங்கே மறைந்தன.

இவ்விடத்துப் பராக்கிரம பாண்டியனை நினையாதிருத்தல் இயலாது. தான் எடுத்த கோயில் காலத்தை வென்று நிற்குமென்று அவன் செருக்குற்றானல்லன். இதற்குப் பின்னாளிற் குறையொன்று நேரக்கூடும். அதனை நீக்கிக் காப்போர் எவராயினும் அவரை இப்பொழுதே பணிகின்றேன் என்னும் கருத்தமைந்த பாடலை அவன் கோயிலிற் பொறித்து வைத்தான். கட்டியவனே காலத்தின் கையை அறிந்து, இனிப் பிறக்கும் மக்களை நம்பித் தலைவணங்கியிருக்க, நாம் அக்கோபுரத்தைக் காலமே தீண்டாத பொருளாகக் காட்டப் புகுவது முறையாகுமா? தென்காசிக் கோபுரத்தின் பெருமை கெடாமையில் இல்லை. கெட்டபின் எழுந்தமையில் உள்ளது.

ஆதலின் மாணவ நண்பர்காள்! பழுப்பு வண்ணத்தை அறவே விலக்குமின் என்று நாம் கூறவில்லை. அருவிக்கும் பாறைக்கும் அதனை ஆளுங்கள். வண்ணமே பொருளாகிய இடத்தில் தவிருங்கள். எவ்விடத்து ஆண்டாலும், படத்தின் அடியில் நாளும் ஆண்டும் இடமும் குறிக்க மறவாதீர்கள். இத்தகைய ஆண்டு மலர்களில் வரும் குழுப்படங்களை எண்ணிப் பாருங்கள். பழைய மாணவர் ஒருவர் பல்லாண்டு கழித்து அவற்றைத் திறக்குங்கால், அவர் கண் முதலிற் செல்வது படத்தின் நிறத்திற்கன்று. அடியில் வரிசையாய் அச்சிட்ட பெயர்களுக்கும் ஆண்டிற்குமே. அவ்வொரு வரி இருக்குமாயின், தாள் மங்கினும் படம் பேசும். அஃதில்லையேல் எத்துணை அழகிய பழுப்பும் ஊமையே.