இருபதாவது ஆள்

மதுரையில் பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவரிடம் சம்பளச் செலவு எவ்வளவு என்று கேட்டால், சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கொடுக்கும் தொகையைத்தான் சொல்வார். கப்பலூர் சிட்கோவில் பிளாஸ்டிக் வார்ப்பவரும் விளக்குத்தூணில் ஜவுளி விற்பவரும் இதில் ஒன்றுதான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டையும் அவர்கள் சம்பளத்தில் சேர்ப்பதில்லை; மாநகராட்சி வரிகளோடு சேர்த்து ‘கட்ட வேண்டியது’ என்ற தலைப்பில் வைக்கிறார்கள். கட்ட வேண்டியதைத் தள்ளிப்போடலாம், குறைத்துக் காட்டலாம் என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது. சிறுதொழிலை நெரிப்பது இந்தப் பிடித்தங்களின் விகிதம் என்று நான் நினைக்கவில்லை. அவற்றைச் சம்பளத்துக்கு வெளியே நிறுத்திய கணக்கும், 20 பேர் என்ற எல்லையில் சட்டம் வைத்திருக்கும் ஒற்றைப் பெரிய படியும்தான் நெரிக்கின்றன.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.எஃப்.பில் முதலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். அதோடு இணைந்த ஆயுள் காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் அரை அரை சதவீதமாக 150. ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 488. ஆக, அந்த ஆளுக்காக முதலாளி எடுத்து வைப்பது 17,438. தொழிலாளியின் பங்காக பி.எஃப். 1,800, ஈ.எஸ்.ஐ. 113 போக அவர் கைக்கு வருவது 13,087. நடுவில் 4,350 சொச்சம் மறைகிறது. பார்த்தவுடன் வரி என்றுதான் தோன்றும். ஆனால் அதில் 3,600 ரூபாய் தொழிலாளியின் சேமிப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. அது அவர் பின்னால் வாங்கப்போகும் சம்பளம். இதற்கு மேல் பணிக்கொடை ஒன்று உண்டு. 10 பேர் உள்ள இடத்தில், ஐந்து ஆண்டு வேலை பார்த்து விலகுகிறவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். மாதக் கணக்கில் பார்த்தால் 720 ரூபாய்தான். யாரும் மாதாமாதம் வந்து கேட்பதில்லை என்பதால் மறந்துபோய், பழைய மாஸ்டர் விலகும் நாளில் மொத்தமாக வந்து நிற்கும்.

ஈ.எஸ்.ஐ.யை வீண் செலவு என்பவர்கள் அதிகம். ஆரப்பாளையம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காத்திருக்க முடியாமல் தனியார் மருத்துவமனைக்கே போகிறோம், பிறகு எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். மருத்துவமனை இன்னும் நன்றாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் திட்டம் மருத்துவமனையோடு முடிவதில்லை. பட்டறையில் விபத்து நடந்து 30 வயதுத் தொழிலாளி இறந்தால், 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்கு இது: சம்பளத்தில் பாதியை 207.98 ஆல் பெருக்க வேண்டும். 15,000 சம்பளத்துக்கு 15,59,850 ரூபாய் வருகிறது. ஈ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் குடும்பத்துக்கு மாத உதவித்தொகை கொடுக்கும் பொறுப்பு ஈ.எஸ்.ஐ. கழகத்துடையது. பதியாமல் விட்டால் முதலாளி தன் வீட்டை விற்கும் நிலைகூட வரலாம். மாதம் 488 ரூபாய் அந்தப் பயத்துக்கான விலை என்று பார்த்தால், இதைவிட மலிவாக எந்தக் கம்பெனியும் காப்பீடு விற்காது.

பி.எஃப். சங்கதி வேறு. அது 20 பேரில் தொடங்குகிறது. 19 பேர் வரை சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. இருபதாவது ஆள் உள்ளே வந்ததும் அவரோடு மற்ற 19 பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். தலைக்கு 1,950 என்றால் மாதம் 39,000. அந்த ஆளின் சம்பளம் ஏட்டில் 15,000. முதலாளிக்கு அவர் 54,000 ரூபாய்க்காரர். பிறகு ஆட்கள் குறைந்து 15 பேரானாலும், 1952-ம் ஆண்டுச் சட்டப்படி ஒருமுறை சேர்ந்த நிறுவனம் வெளியே வர முடியாது. பத்தொன்பதிலேயே நிற்கும் வருகைப் பதிவேடுகளும், மனைவி பெயரில் பிறக்கும் இரண்டாவது கடையும் இதனால்தான் வருகின்றன. கிளைகளையும் பிரிவுகளையும் ஒரே நிறுவனமாகவே சட்டம் எண்ணும் என்பதால் அந்தத் தந்திரம் நெடுநாள் நிற்காது. சம்பளத்தைப் படிகளாக உடைத்துக் காட்டும் வழியும் அடைபட்டுவிட்டது. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் படியும் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியதும் சம்பளமாகவே எண்ணப்படும்.

தொழிலாளியே பிடித்தம் வேண்டாம் என்கிறாரே, நாங்கள் என்ன செய்வது என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. 13,087 வாங்கி வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறவருக்கு 58 வயது வெகுதூரம். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கும்போது அவரிடம் போய் எதிர்காலத்தைப் பேசுவதும் கடினம். ஆனால் ஓய்வூதியம் போக மிச்சமுள்ள சேமிப்பு வட்டியோடு அவருடையது, யு.ஏ.என். என்ற நிரந்தரக் கணக்கு எண் வந்த பிறகு கடை மாறினாலும் கணக்கு கூடவே வருகிறது. பணியில் இருக்கும்போது அவர் இறந்தால், அந்த 75 ரூபாய்க் காப்பீடு 7 லட்சம் வரை குடும்பத்துக்குத் தரும். இதையெல்லாம் சேரும் நாளிலேயே சொல்லி, கைச் சம்பளத்தையும் மொத்தத்தையும் தனித்தனியே எழுதிக் காட்டினால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

பக்கத்துக் கடைக்காரர் கட்டாமல் விலை குறைத்து விற்கிறாரே என்ற முறையீடு நியாயமானது. அதற்குச் சட்டம் தன் படியைச் சரிவாக்க வேண்டும். பத்திலோ அதற்கும் கீழோ சிறிய விகிதத்தில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பெரும்பான்மைத் தொழிலாளர்களின் சம்மதத்தோடு 20 பேருக்குக் குறைந்த நிறுவனமும் தானே பி.எஃப்.பில் சேரலாம், அப்போது முதலாளி பங்கு 10 சதவீதம்தான். மேற்கட்டணங்களோடு ஆளுக்கு 1,650. பன்னிரண்டு பேரோடு சேர்கிறவர் 19,800 கட்டுவார், ஒவ்வொரு ஆள் கூடும்போதும் 1,650 கூடும். பத்தொன்பதில் 31,350. இருபதாவது ஆள் வரும் மாதம் விகிதம் 12 ஆகி 39,000 ஆகும். ஏற்றம் 7,650. சுழியத்திலிருந்து 39,000-க்குத் தாவுகிறவர் அந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். இவர் உள்ளே கூப்பிடுவார்.