எதை வெட்டுவது?

ஓஹியோ மாநிலத்தின் தென்பகுதியில், சோளக் கொல்லைகளுக்கு ஊடே செல்லும் கிளைச் சாலைகளில் பிரயாணம் செய்கிறவர்கள், தானியக் களஞ்சியங்களின் ஓரத்திலும் வேலி மறைவிலும் துருவேறி நிற்கும் பழைய பிக்கப் லாரிகளைப் பாராமல் போவது அரிது. உருண்டு திரண்ட மட்கார்டுகளும், நடுவே ஒரு கம்பியால் இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடியும், குறுக்கே ஐந்து பட்டைகள் பூண்ட முகப்பும் கொண்ட அவ்வண்டிகளுள் ஜனங்கள் மிகவும் விரும்பித் தேடுவது, ஷெவர்லே கம்பெனியார் 1947-ஆம் ஆண்டின் மத்தியில் வெளியிட்டு 1955-ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் செய்துவந்த ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையில், 3100 என்னும் எண்ணால் வழங்கிய அரை டன் வண்டியாகும். இதன் மேனியை மட்டும் எடுத்து, அண்மைக் காலத்து லாரி ஒன்றின் சேஸிஸின்மேல் ஏற்றி, மறுபடியும் சாலையில் ஓடவிடும் தொழில் அந்நாட்டின் சிறு பட்டறைகள் பலவற்றில் நடந்துவருகிறது. அதைப் பிரத்தியட்சமாகக் காணவேண்டும் என்ற ஆவலால், அப்பிரதேசத்தில் வசிக்கும் உறவினர் ஒருவரின் உதவியைக்கொண்டு, அத்தகைய பட்டறை ஒன்றில் வேலை செய்வோருடன் சில தினங்களைக் கழித்தேன்.

இந்த வேலையின் அவசியத்தை உணர, அந்தப் பழைய வண்டியின் அங்க லட்சணங்களைச் சற்று விசாரிக்கவேண்டும். அதன் எஞ்சின் ஆறு சிலிண்டர்களை வரிசையாகக் கொண்டது. கொள்ளளவு 216 கன அங்குலம். சக்தி ஏறக்குறைய 90 குதிரைத் திறன். பின் ஆக்ஸிலின் பல்சக்கர விகிதம் 4.11 என்று அமைந்திருப்பதால், பாரம் இழுப்பதில் அது சளைப்பதில்லை. ஆனால் மணிக்கு 50 மைலைத் தாண்டுவதற்குள்ளேயே அதன் இரைச்சல் ஓட்டுகிறவரை எச்சரிக்கத் தொடங்கிவிடும். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டின் முனைகளில் கிங் பின் கொண்டு பூட்டப்பட்டவை. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மின்சாரம் 6 வோல்ட். 1949 முதல் வந்த வண்டிகளில் பெட்ரோல் டாங்கியோ, ஓட்டுநர் அமரும் ஆசனத்தின் முதுகுப்புறத்தில், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. சந்தைக்கு மூட்டை ஏற்றிச் செல்லப் படைக்கப்பட்ட அந்த வாகனம், 70 மைல் வேகத்தில் பாய்ந்துவரும் இக்காலத்து நெடுஞ்சாலைக்குள் அப்படியே நுழைவது, தனக்கும் பிறருக்கும் அபாயத்தைத் தேடிக்கொள்வதாகவே முடியும்.

இதற்குப் பரிகாரம் மூன்று விதம். எல்லா உறுப்புகளையும் பழையபடியே புதுப்பித்து, விழா நாட்களில் மட்டும் மெல்ல ஓட்டி மகிழ்வது ஒன்று. பழைய சேஸிஸை வைத்துக்கொண்டு, 1974 முதல் 1978 வரையில் வந்த மஸ்டாங் 2 காரைப் பின்பற்றிச் செய்த முன் சஸ்பென்ஷனை அதில் பற்றவைப்பது மற்றொன்று. மேனி முழுவதையும் புதிய சேஸிஸ் ஒன்றின்மேல் மாற்றிவிடுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வழியைக் கைக்கொள்ளுவோர் பலரும் நாடுவது, 1982 முதல் 2004 வரையில் அதே ஷெவர்லே விற்ற எஸ்-10 என்னும் சிறு லாரியை. பழைய 3100 வண்டியின் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள தூரம் 116 அங்குலம். நீண்ட தொட்டியுள்ள எஸ்-10 வண்டியில் அது 117.9 அங்குலம். இந்த நெருக்கமே அதைப் பழைய மேனிக்கு ஏற்ற துணையாக்கியது. முன்புறம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங் ஆகிய யாவும் அதில் ஒருங்கே கிடைக்கின்றன. மேலும் விபத்திலோ துருவிலோ மேனி கெட்டு உடைப்புக் கடைக்கு வந்துசேர்ந்த எஸ்-10 வண்டிகளுக்கு அந்நாட்டில் பஞ்சமில்லை.

நான் கண்ட பட்டறை முன்னொரு காலத்தில் டிராக்டர் பழுதுபார்க்கும் கொட்டகையாக இருந்தது. அதன் சொந்தக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். விவசாய யந்திரங்களோடு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவராகையால், அவருக்கு அலங்காரத்தில் ஆசை இல்லை. பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்பதிலேயே கண். தகட்டு வேலையும் வெல்டிங்கும் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியின் பொறுப்பு. தொழில் பழக வந்த இளைஞன் ஒருவன் இருவருக்கும் நடுவே ஸ்பானரும் கிரைண்டருமாக ஓடிக்கொண்டிருந்தான். அப்போது அவர்கள் கையிலிருந்தது, அயல் கிராமத்துக் குடும்பம் ஒன்றின் பாட்டனார் 1950-இல் வாங்கிய வண்டி.

வேலை வெட்டுவதில் தொடங்கும் என்று எண்ணிச் சென்ற எனக்கு, அது அளப்பதில் தொடங்கியதும், அளப்பதிலேயே வெகுநேரம் நின்றதும் ஆச்சரியம் தந்தன. சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கர மையங்களிலிருந்தும், கேபினின் நான்கு மூலைகளிலிருந்தும், மட்கார்டு வளைவுகளின் உச்சியிலிருந்தும், பம்பர் நுனியிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, அது தொட்ட இடமெல்லாம் தரையில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, குறிக்குக் குறி நூல் பிடித்து, கேபினின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்துகொண்ட பிறகே, பெரியவர் முதல் போல்ட்டைக் கழற்ற அனுமதித்தார். “பிரித்துப் போட்ட பிறகு, மட்கார்டு எங்கே நின்றது என்று வண்டி உங்களுக்குச் சொல்லாது, ஞாபகமும் சொல்லாது. தரைதான் சொல்லும்” என்றார். மேனி இறங்கிய பின், அதே குறிகளின்மேல் எஸ்-10 சேஸிஸை உருட்டி நிறுத்தியபோது, எது எங்கே பொருந்தும், எது எங்கே முட்டும் என்பது ஒரு கணத்தில் விளங்கிற்று.

முட்டுகிற இடத்தில் எதை வெட்டுவது என்பதே இந்தத் தொழிலின் பிரதான தர்மம் என்று அங்கேதான் கற்றேன். பெரியவரின் விதி சுருக்கமானது: பழையதைத் தொடாதே, புதியதை வளை. எஸ்-10 மேனியைத் தாங்கிய பிராக்கெட்டுகள் யாவற்றையும் சேஸிஸிலிருந்து அறுத்தெடுத்துவிட்டு, பழைய கேபினின் அடியில் 1950-ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலையார் இட்ட துளைகள் எங்கெங்கு இருக்கின்றனவோ, அவற்றுக்கு நேர் கீழே வந்து நிற்கும்படி புதிய பிராக்கெட்டுகளைச் செய்தார்கள். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்ப்பது; பிறகு அதை அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு கனமுள்ள இரும்புத் தகட்டில் வரைந்து அறுப்பது; நான்கு புள்ளி மட்டும் பற்றவைத்து, கேபினை இறக்கி, ரப்பர் மெத்தை இட்டு, நூல் பிடித்துச் சரிபார்த்து, மறுபடி தூக்கி, அதன் பின்னரே முழு வெல்டிங் செய்வது. ரேடியேட்டர் தாங்கி, ஏறுபடி, பின்தொட்டி, இரண்டு பம்பர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இதே கிரமம். சேஸிஸை மாற்றுவது குறுக்கு வழி என்று எண்ணி வருகிறவர்களைப்பற்றிச் சொல்லி அவர் சிரித்தார். உதிரிப் பாகங்களின் செலவை அது குறைப்பது உண்மை. உழைப்பை அது குறைப்பதில்லை என்பது அவருடைய அனுபவம்.

சக்கரங்களின் இடைத்தூரத்தில் இருந்த 1.9 அங்குல வித்தியாசத்தை நான் அற்பமென்று கருதினேன். இளைஞன் என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, தற்காலிகமாக மாட்டிவைத்த பின் மட்கார்டைக் காட்டினான். அதன் வளைவுக்கு நடுவே நிற்க வேண்டிய சக்கரம் பின்னோக்கி ஒதுங்கி நிற்பது, அளவுகோல் அறியாத கண்ணுக்கும் உறுத்தலாகவே இருந்தது. ஆகையால் பின் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொண்டிகளை அறுத்து, அவ்வளவு தூரம் முன்னே தள்ளிப் பற்றவைத்தார்கள். நீண்ட கேபினுள்ள எஸ்-10 கிடைத்தால் இடைத்தூரம் 122.9 அங்குலம் ஆகிவிடும். அப்போது சேஸிஸின் நடுவிலிருந்தே ஏறக்குறைய ஏழு அங்குலத்தை எடுத்துவிட்டு இரு பாதிகளை இணைக்கவேண்டும். அந்த வெட்டை நேர்க்கோடாக இடலாகாது. படி படியாக இட்டு, உட்புறத்தில் முனை சாய்ந்த தகடு ஒன்றைத் துணைவைத்து இணைத்தால், முறுக்கும் பாரமும் ஒரே வெல்டிங் கோட்டில் வந்து குவியாமல் பரவிச் செல்லும் என்று பெரியவர் சாக்குக்கட்டியால் தரையில் வரைந்து விளக்கினார். சக்கரங்கள் அகலத்தில் உள்ளொடுங்கி நின்ற குறையை, உட்புறம் தள்ளி நிற்கும் டிஸ்க்குள்ள வேறு சக்கரங்களால் தீர்த்தார்கள்.

விதிக்கு விலக்கு இல்லாமலும் இல்லை. பழைய வண்டியில் பிரேக் பெடல் தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ஸ்டியரிங் தண்டும் நேராகத் தரை வழியே போகும். புதிய ஸ்டியரிங் பெட்டி வேறிடத்தில் இருப்பதால், நடுவே இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட்டுகள் பூட்டித் தண்டை வளைத்துக் கொண்டுசெல்ல நேர்ந்தது. எஸ்-10 வண்டியோடு வந்த 4.3 லிட்டர் வி-6 எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டபடியால், கியர் பெட்டியின் முதுகுக்கு இடம் கொடுக்கக் கேபினின் நடுத்தரையைச் சிறிது உயர்த்தவேண்டியதாயிற்று. அங்கேயும், திருகாணியால் பூட்டியிருந்த மூடுதகட்டை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதற்குப் பதிலாக உயரமான வேறொரு தகட்டைச் செய்து மாட்டினார்களேயன்றி, கேபினின் சொந்த இரும்பில் கத்தி வைக்கவில்லை. பெட்ரோல் டாங்கி கேபினை விட்டு நீங்கி, சேஸிஸின் இடப்புறத்தில் பின்தொட்டிக்கு அடியில் சென்று அமர்ந்தது. அவ்வொரு மாற்றமே இவ்வளவு பிரயத்தனத்துக்கும் போதுமான நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

தகட்டு வேலை செய்த பெண்மணியின் சாமர்த்தியத்தை விவரிக்காமல் விடுவது குற்றமாகும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, கேபினின் கீழ் மூலைகளையும் கதவுகளின் அடியோரத்தையும் தின்று சல்லடைக் கண்களாக்கியிருந்தது. துருவில் கத்தரிக்க வேண்டியதை அவர் தயங்காமல் கத்தரித்தார். ஆனால் நல்ல இரும்பு பளிச்சென்று தென்பட்ட கோட்டோடு நிறுத்திக்கொண்டார். ஒட்டுத் தகட்டை வைத்து, இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாகப் பற்றவைத்து, சூடு ஆறுமட்டும் காத்திருந்து, இடைவெளிகளை அப்படியே மெல்ல மெல்ல நிரப்பினார். தொடர்ச்சியாக இழுத்தால் அந்த மெல்லிய தகடு சூட்டில் நெளிந்து, பின்னர் எத்தனை பட்டி பூசினாலும் அலை தெரியுமாம். “பட்டி கனமாக இருக்கிற இடத்தில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம்” என்றார் அவர், சுத்தியலைக் கீழே வைக்காமலே.

இம்மாதிரி மாற்றிய வண்டியைப் பழைய வண்டி என்று அழைப்பது தகுமா என்ற ஆட்சேபம் அங்கே அடிக்கடி எழுவதுண்டு. நான் இருந்த சமயத்தில், தம்முடைய 3100 வண்டியை ஒரு திருகாணியும் மாறாமல் காத்துவரும் ஒருவர் வந்திருந்து, “இது எஸ்-10, பழைய சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான்” என்று மரியாதையாகவே சொன்னார். அரசாங்கமும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. பழைய வண்டியின் எண் தகடு ஓட்டுநர் பக்கத்துக் கதவுக் கம்பத்தில் பதிந்திருக்கிறது. புதியதற்கோ 1981 முதல் நிலைபெற்ற 17 இலக்க அடையாளம் உண்டு. இரண்டில் எதை ஏற்பது என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறபடியால், கழற்றத் தொடங்குமுன்பே பதிவு அலுவலகத்தில் விசாரித்து, இரு வண்டிகளையும் வாங்கிய ரசீதுகளைப் பெரியவர் ஒரு கோப்பில் சேர்த்துவைத்திருந்தார். எண் தகட்டைப் பெயர்த்து வேறிடத்தில் பதிக்கத் துணிகிறவர்களின் வேலையை அவர் ஏற்பதே இல்லை.

ஆட்சேபம் சொன்னவருக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை; கொட்டகையின் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அந்த 1950-ஆம் வருஷத்துச் சேஸிஸ், தன் எஞ்சினோடும் ஆக்ஸில்களோடும், எண்ணெய் பூசி, ஒவ்வொரு உறுப்பிலும் சீட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. வண்டி திரும்பிப் போகும்போது இதுவும் உடன் போகும். மேனியில் ஒரு துளைகூடப் புதிதாக விழாததால், பேரனோ அவன் மகனோ விரும்பினால், தரைக்குறிகளின் நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி பழைய இடத்தில் பூட்டிவிடலாம். வந்தவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளாமலே, கைகுலுக்கிச் சென்றார்.

எல்லாப் பட்டறைகளிலும் இந்த நிதானம் இருப்பதாகக் கொள்ளலாகாது. வழியில் வேறோர் இடத்தில், தரை முழுவதும் காஸ் தீயால் அறுக்கப்பட்ட கேபினையும், இரண்டாக வெட்டி இணைக்கப்படாமலே விட்ட சேஸிஸையும் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். ஒன்று பழைய வண்டியாகத் திரும்பவும் முடியாது. மற்றொன்று புதிய வண்டியாக ஓடவும் முடியாது. இரண்டையும் கெடுத்த அந்தக் கை அவசரத்தால் கெடுத்ததா, அறியாமையால் கெடுத்ததா என்பது முக்கியமல்ல. எது மீண்டும் கிடைக்கும், எது கிடைக்காது என்ற பேதத்தை அது யோசிக்கவில்லை.

எஸ்-10 சேஸிஸ் ஒன்று கெட்டால் மற்றொன்றை வாங்கிவிடலாம். பாட்டனார் வாங்கிய கேபின் கெட்டால் அதற்கு ஈடு எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே, மலிவாகவும் மிகுதியாகவும் கிடைப்பதன்மேல் வெட்டும் தீயும் விழட்டும்; கிடைத்தற்கரியதன்மேல் அளவுகோல் மட்டும் படட்டும் என்பதே அந்தக் கொட்டகையில் யாரும் எழுதி ஒட்டாமலே அனுசரித்துவரும் முறை. மாற்றிய வண்டிகளைக் காட்டி எத்தனை குதிரைத் திறன், எத்தனை மைல் வேகம் என்று கேட்பதே பொதுவான வழக்கம். அந்தப் பட்டறையில் இருந்து வந்த பிறகு, நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்து முடிக்க எதை வெட்டினீர்கள்? அதற்குக் கிடைக்கும் பதிலிலேயே வேலைக்காரரின் தராதரம் தெரிந்துவிடும்.