முரண்டு பிடித்த மரை

பள்ளி வேலைகளின் நெருக்கடியில் இந்தப் பக்கம் பல வாரங்களாக வெறுமையாகக் கிடந்தது. "ஏன் எழுதுவதில்லை?" என்று உரிமையோடு கடிந்துகொண்ட நண்பர்களுக்கு நன்றி. இன்று எழுதத் தூண்டியவர்கள் என் மாணவர்கள்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் முழுமைத் தற்காப்பு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 1942ஆம் ஆண்டு அதே நாளில்தான் இத்தீவு ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நீங்கள் தேசிய சேவையில் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "ஒருவரையும் சுடவில்லை. நான் சுட்டதைவிடக் கழற்றியதே மிகுதி" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. மணியும் அடித்துவிட்டது. அவர்களிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

தமிழாசிரியராகிய நான் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுவதற்கு முன்பு, இராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக இருந்தேன். தேசிய சேவை அப்போது இரண்டரை ஆண்டு. 2004இல்தான் அது ஈராண்டாகக் குறைக்கப்பட்டது. புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும், என்னை ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். எங்கள் கைக்கு அன்றாடம் வந்தது எம்-16 எஸ்-1 துப்பாக்கி. கோல்ட் நிறுவனத்தின் உரிமம் பெற்றுச் சிங்கப்பூரிலேயே செய்யப்பட்டது அது. புதிய சார்-21 வரத் தொடங்கிய காலந்தான். ஆயினும் எங்கள் மேசையில் பழையவையே குவிந்திருந்தன.

அத்துப்பாக்கிக் குழலின் நுனியில், சிறு பறவைக்கூண்டு போலச் சுற்றிலும் கீறல்கள் கொண்ட ஓர் இரும்பு மூடி உண்டு. முகாமில் அதை ஃபிளாஷ் ஹைடர் என்போம். தமிழில் நானாகச் 'சுடர் மறைப்பான்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். குண்டு வெளியேறும்போது அதன் பின்னால் வரும் சூடான வாயு, காற்றில் கலந்ததும் பளீரென்று எரியும். இருளில் அந்த ஒளி சுடுபவனின் கண்ணையே கூசச் செய்யும். அவன் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். கீறல்களின் வழியே அந்த வாயுவைச் சிதறடித்துச் சுடரைக் குறைப்பதுதான் இந்த மூடியின் பணி. ஓசையை அது குறைப்பதில்லை. திரைப்படங்களில் வில்லன் பொருத்தும் கருவி வேறு.

இம்மூடி குழலின் நுனியில் மரைகளால் இறுக்கப்பட்டிருக்கும். அரை அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு 28 மரைகள். மிக நுண்ணியவை. எதிரே நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் கழலும். கேட்பதற்கு எளிது. ஆனால் நம் ஊரின் ஈரக் காற்றிலும் கடலோரப் பயிற்சிகளிலும் சில ஆண்டுகள் உழன்ற துப்பாக்கியில், துருவும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்து அந்த மரைகளைக் கவ்விக்கொள்ளும்.

1999ஆம் ஆண்டின் இறுதி. பயிற்சியிலிருந்து வந்த ஒரு துப்பாக்கியில் அக்கூண்டின் ஒரு கம்பி உட்புறமாக வளைந்திருந்தது. பாறையில் விழுந்ததாம். வளைந்த கம்பியைக் குண்டு உரசிச் சென்றால் குறி தவறும். அதைவிடக் கேடும் விளையலாம். ஆகவே அதைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். எங்கள் பட்டறையின் வாரண்ட் அதிகாரி நண்பகல் உணவுக்குப் போயிருந்தார். அவரும் தமிழர்தாம். ஆனாலும் இராணுவ வழக்கப்படி எல்லாரும் அவரை 'என்சிக்' என்றே அழைப்போம். அவர் திரும்புவதற்குள் வேலையை முடித்து நல்ல பெயர் வாங்க எண்ணினேன்.

துப்பாக்கியின் உடற்பகுதியை வைஸில் இறுக்கினேன். அது அலுமினியத்தால் ஆனது. பிடிப்பதற்கு வாகாக இருந்தது. அரை மீட்டருக்கு அப்பாலுள்ள குழல் நுனியில் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. உடல் எடை முழுவதையும் போட்டேன். ஊஹூம். 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாய் ஒன்றைச் செருகி மீண்டும் இழுத்தேன். 'டக்' என்று ஓர் ஓசை. ஏதோ திரும்பியது. எனக்குப் பெருமிதம்.

குனிந்து பார்த்தேன். மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. துப்பாக்கியின் முன்குறிதான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூடிக்குப் பதிலாக, குழலே உடற்பகுதிக்குள் திரும்பிவிட்டது. குழலின் அடியில், அது திரும்பாதிருக்க ஒரு சிறு எஃகு முளை உண்டு. அது அலுமினிய உடலில் உள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும். நான் இழுத்த இழுப்பில் அந்த முளை தன் பள்ளத்தின் சுவரைக் கிழித்துவிட்டது.

என்சிக் வந்தார். குறியின் வழியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இது எப்படி ஆச்சு?"

"இப்படியேதான் வந்தது, என்சிக்."

இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழலைப் பிரித்தெடுத்து, அந்தப் பள்ளத்தை விளக்கின் கீழ்க் காட்டினார். சுற்றிலும் கரியும் பழைய எண்ணெயும் படிந்து கருத்திருக்க, கிழிந்த இடம் மட்டும் வெள்ளியாக மின்னியது.

"பாத்தியா தம்பி? எல்லாம் கறுப்பா இருக்கு. இது மட்டும் வெள்ளையா இருக்கு. இது இன்னைக்குப் பொறந்த காயம்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன். "அறிக்கை எழுது, உன் பேரைப் போடு" என்றார். எழுதினேன். அந்த உடற்பகுதி பயனற்றதென ஒதுக்கப்பட்டது. எனக்கு இரண்டு வார இறுதிகள் கூடுதல் காவல் பணி. அந்தப் பொய்க்கு எந்தத் தாளிலும் இடமில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாள் காலை அவர் என்னை அருகில் நிறுத்தி வேலையைக் கற்றுக்கொடுத்தார். என் நாற்பது வயதுகளில் நின்று திரும்பிப் பார்க்கையில், ஆசிரியப் பணியின் முதல் பாடம் அதுவே என்று தோன்றுகிறது.

"மொதல்ல, எது புடிச்சிருக்குன்னு பாரு" என்றார். துருவா, கரியா, யாராவது பசை தடவியிருக்கிறார்களா, அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. துருவுக்கு எண்ணெயும் நேரமும். பசைக்குச் சூடு. பின்னாளில் படித்து அறிந்தேன்: அமெரிக்காவில் தனியார் துப்பாக்கிகளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறையலாகாது என்ற சட்டத்துக்காக, இம்மூடியை முளையடித்துப் பற்றவைத்து, குழலின் நீளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டுவதும் உண்டாம். அப்படிப்பட்டதில் எத்தனை பேர் தொங்கினாலும் மரை அசையாது. பாராமல் இழுப்பவன் ஸ்பேனரைத்தான் உடைப்பான்.

முந்தைய மாலையே மரையின் விளிம்பில் ஊடுருவும் எண்ணெய் விட்டுவைத்திருந்தார். இரவு முழுவதும் அது மெல்ல உள்ளே இறங்கியிருந்தது.

அடுத்து, பிடிக்கும் இடம். "கழட்டுற எடத்துக்குப் பக்கத்துலயே புடி. தூரத்துல புடிச்சா நடுவுல இருக்கறதெல்லாம் முறுங்கும்" என்றார். குழலையே, நுனிக்கு அருகில், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து, வழுக்காமலிருக்கப் பிசின் தூள் தூவி, வைஸில் இறுக்கினார்.

மூன்றாவதுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஸ்பேனரை மாட்டி, கழற்றும் திசையில் இழுக்காமல், இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அழுத்தினார்.

"என்சிக், அது இறுகும் பக்கம்" என்றேன்.

"தெரியும். அது போக நெனைக்கிற பக்கம் ஒரு துளி போகவிடு. துரு ஒடையும். அப்புறம் நம்ம பக்கம் வரும்."

வெப்பக் காற்றை ஊதிச் சற்றுச் சூடாக்கினார். பிறகு ஸ்பேனரின் முனையில் சுத்தியலால் கழற்றும் பக்கமாகச் சுருக்கென்று ஒரு தட்டு. சுள்ளி முறிவது போன்ற சிறு ஓசை. அதன்பின் விரலாலேயே திருகி எடுத்தார். மரைகளில் செந்நிறத் துரு பொடியாகக் கிடந்தது. தூரிகையால் துடைத்து, மரைகள் சிதையவில்லை என்று பார்த்து, புதிய வாஷரும் புதிய மூடியும் மாட்டி, உரிய அளவுக்கு மட்டும் முறுக்கினார். எல்லாம் கால் மணி நேரம்.

"அம்மி நகரும் தம்பி. ஆனா அடிக்கிறப்ப அம்மி ஒடையாம இருக்கணும்."

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

2016ஆம் ஆண்டு, என் தொடக்கநிலை நான்காம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். எழுத்தில் தடுமாற்றமில்லை. ஆனால் தமிழில் வாய் திறக்கமாட்டான். ஆங்கிலப் பாட வேளையில் அவன் பேசுவதை நானே வெளியில் நின்று கேட்டிருக்கிறேன். என் வகுப்பிலோ ஊமையாகிவிடுவான். வாய்மொழித் தேர்வு நெருங்கியது. எனக்குப் பதற்றம். ஒரு நாள் அவனை வகுப்பின் முன் நிறுத்தி, "ஒரு வாக்கியமாவது பேசாமல் இடத்துக்குப் போகக் கூடாது" என்றேன். ஐந்து நிமிடம் நின்றான். பிறகு கால்கள் நடுங்க அழுதுவிட்டான். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அன்று மாலை வெறுமையான வகுப்பறையில் அமர்ந்திருந்தபோது அந்த 'டக்' ஓசை என் காதில் மீண்டும் கேட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து, அதே தவற்றை அலுமினியத்தில் அல்லாமல் ஒரு குழந்தையிடம் செய்திருந்தேன். எது பிடித்திருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

அவன் தந்தையை அழைத்துப் பேசினேன். இம்முறை, "இப்படியேதான் வந்தான்" என்று சொல்லாமல், நான் செய்ததை முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர் ஒரு செய்தி சொன்னார். ஈராண்டுகளுக்கு முன் ஓர் உறவினர் திருமணத்தில், பையன் தன் தாத்தாவிடம் ஆசையோடு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறான். வீட்டில் ஆங்கிலமே பேசிப் பழகிய பிள்ளை. அவனுக்கு எல்லாருமே 'யூ'தான். சுற்றியிருந்தோர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "தாத்தாவை நீ என்பதா? இதுதான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்களா?" என்று அதட்டினார். அன்று மூடிய வாய்.

'நீ', 'நீங்கள்' வேறுபாட்டை நான் மூவிடப்பெயர் என்று கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்துகிறேன். அந்தக் கட்டத்துக்குள் ஒரு பிள்ளையின் நாவே மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அவன் திரும்பி வந்ததும், "இனி நீ பேச வேண்டாம்" என்றேன். நம்பாமல் பார்த்தான். மற்றவர்கள் பேசும்போது கடிகாரம் பார்த்துக் கைதூக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தேன். அவன் போக நினைத்த பக்கமே ஒரு துளி போகவிட்டேன். தந்தையிடம், இரவு உணவின்போது தாத்தாவோடு தொலைபேசியில் தமிழில் பேசுமாறும், பையன் 'நீ' என்றாலும் யாரும் திருத்த வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் வாரம், நீட்டி முழக்கிக்கொண்டிருந்த ஒரு மாணவியை நோக்கி அவன் கையைத் தூக்கினான். அவள் கவனிக்கவில்லை. "நேரம் முடிஞ்சுபோச்சு!" என்று கத்தினான். வகுப்பு திரும்பிப் பார்த்தது. நான் பாடநூலைப் புரட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டேன்.

அவன் பெரிய பேச்சாளன் ஆகிவிடவில்லை. தேர்வில் அவன் பெற்ற மதிப்பெண் நடுத்தரமே. குழந்தை துப்பாக்கியுமல்ல, வாஷர் மாற்றி முடித்துவிடும் வேலையுமல்ல அது. நான் ஏற்படுத்திய கீறல் அவனுக்குள் எங்கோ இன்னும் இருக்கலாம்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் முரண்டு பிடிக்கும் ஒருவர் இருப்பார். இழுப்பதற்கு முன், எது பிடித்திருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். குழாயைச் செருகி இழுக்கும் வலிமை நம்மிடம் எப்போதும் உண்டு. அதுதான் ஆபத்து.

அந்த மாணவனும் தேசிய சேவைக்குச் சென்றான். சென்ற தீபாவளிக்கு எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான், தமிழில். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. "ஐயா, நீங்கள் நலமா?" என்ற முதல் வரியில் பிழையேதும் இல்லை.