மூன்று வாரம் எடுத்தது யார்?

அரையாண்டுப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இது தமிழ். இந்தத் தமிழில் குற்றவாளி என்று யாரும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பால் தயிராவது போல, பிஞ்சு காயாவது போல, மூன்று வாரம் தானாகவே ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் மேலிடத்திலிருந்து எனக்கு வந்த குறிப்பு இங்கிலீஷில் இருந்தது. 'யூ டுக் த்ரீ வீக்ஸ்' என்று அதில் கண்டிருந்தது. அதாவது, மூன்று வாரத்தை நீர் எடுத்துக்கொண்டீர்! பூட்டியிருந்த பெட்டியைத் திறந்து யாருடைய சொத்தையோ நான் மடியில் கட்டிக்கொண்டது போல் இருந்தது. இதற்குச் சமாதானம் எழுதித் தரவேண்டும் என்றும் உத்தரவு.

இருபது வருஷமாக இங்கிலீஷ் கற்பித்து வருகிறவனுக்குச் சமாதானம் எழுத வராதா? நாலு வகுப்பு, 160 தாள் என்று கணக்குச் சொல்லிவிட்டு, 'இட் டுக் மீ த்ரீ வீக்ஸ்' என்று எழுதினேன். வாரமும் மாறவில்லை, வினைச்சொல்லும் மாறவில்லை. 'யூ' எழுந்து போய் 'இட்' வந்து உட்கார்ந்தது. நான் 'மீ' ஆகி வாக்கியத்தின் நடுவில் ஒதுங்கினேன். இப்போது எடுத்தது வேலை, பறிகொடுத்தவன் நான். இங்கிலீஷ்காரர்கள் ஒரு காரியத்துக்கு ஆகும் காலத்தைச் சொல்லும்போது இந்த இரண்டு ஆசனங்களில் எதில் ஆளை உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்தாலே, அவன்பேரில் குறை இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இந்த 'இட்' யார்? மழை பெய்வதைச் சொல்லும்போதும் ஒரு 'இட்' வருகிறது. அது வெறும் பொம்மை. காலத்தைச் சொல்லும் 'இட்' அப்படியல்ல. ரயில் பெட்டியில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தத் துண்டு அது. உரியவர், அதாவது நடப்பது, சமைப்பது, திருத்துவது முதலான வேலை, மூட்டை முடிச்சுடன் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து சேருவார்.

'டேக்' என்ற சொல்லோ அந்த வீட்டுப் பிள்ளையே அல்ல. பழைய இங்கிலீஷில் எடுப்பதற்கு 'நிமன்' என்று ஒரு சொல் இருந்தது. வடகடல் தாண்டிவந்து இங்கிலாந்தைச் சூறையாடி, பிறகு அங்கேயே குடியேறிய நார்ஸ்காரர்களின் பாஷையிலிருந்து 'டேக்' புகுந்து அதை வெளியே தள்ளிவிட்டது. சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்', மரத்துப்போனதைக் குறிக்கும் 'நம்' என்ற இரண்டு சொற்களில்தான் பழைய சொல்லின் மிச்சம் கிடக்கிறது. கொள்ளைக்காரர்களிடமிருந்து எடுத்தல் என்னும் சொல்லைக் கற்றவர்கள் பிற்பாடு அதை எங்கெங்கே பிரயோகித்தார்கள் என்பதை நாம் 1947 வரையில் நன்றாகவே பார்த்தோம்!

அவர்களிடத்தில் வேறொரு வழியும் இருந்தது. எருசலேம் ஆலயத்தைக் கட்ட 46 வருஷம் ஆனதாக யோவான் சுவிசேஷத்தில் ஒரு பேச்சு வருகிறது. 1611-ஆம் வருஷத்து இங்கிலீஷ் பைபிளில் அந்த இடத்தில் 'டேக்' இல்லை. ஆலயம் அத்தனை வருஷம் கட்டுமானத்தில் இருந்தது என்கிற போக்கில் வாக்கியம் அமைந்திருக்கிறது. 1946-ல் வெளியான திருத்திய மொழிபெயர்ப்பில் 'இட்'டும் 'டேக்'கும் வந்துவிட்டன. 1719-ல் டானியல் டீபோ எழுதிய கதையில், தீவில் தனியாக அகப்பட்ட ராபின்ஸன் குரூஸோ அலமாரிக்கு ஒரு பலகை செய்வதில் 42 நாள் 'இருந்ததாக'ச் சொல்லுகிறான். தக்க கருவிகளுடன் இரண்டு மரம் அறுப்பவர்கள் இருந்தால் அதே மரத்தில் அரை நாளில் ஆறு பலகை அறுத்திருப்பார்களாம். 'டேக்' நேற்று முளைத்த பிரயோகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த 'இருந்தேன்' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எவரும் எவரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை. மனிதன் வேலைக்குள் இருந்தான். பலகை முடிந்ததும் வெளியே வந்தான்.

ஆக்ஸ்போர்டு அகராதியின் கதையைக் கேளுங்கள். ஜேம்ஸ் மர்ரே 1879-ல் அந்தப் பொறுப்பை ஒப்புக்கொண்டபோது பத்து வருஷத்தில் முடியும் என்பது கணக்கு. ஐந்து வருஷம் கழித்து, 1884-ல் வந்த முதல் பகுதி 'ஆன்ட்' வரையில்தான் எட்டியது. எறும்புக்கு அவர்கள் வைத்த பெயர் அது; வேலையும் அப்படித்தான் ஊர்ந்தது. 1915-ல் மர்ரே காலமானார். 'டேக்' என்ற சொல்லைத் தாண்டிவிட்டார். அகராதியின் கடைசியைக் காணவில்லை. வேலை பூர்த்தியானது 1928-ல். காலத்தை எடுத்தது மர்ரேயா, அகராதியா? அந்த மகானைப் பார்த்து 'யூ டுக்' என்று குறிப்பு எழுத எனக்குக் கை வராது.

அதே 'யூ'வைக் கொண்டு உபசாரமும் செய்யலாம் என்பதையும் சொல்லவேண்டும். 'டேக் யுவர் டைம்' என்றால், அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்று பொருள். அங்கே எடுக்கும் காலம் நம்முடையதாகிவிடுகிறது. குறிப்பு எழுதியவருக்கு இந்தப் பிரயோகம் தெரியாது போலும்.

நாமும் காலத்தைத் தொடாதவர்கள் அல்ல. 'இரண்டு நாள் பிடிக்கும்' என்கிறோம். பிடிப்பதற்கும் எடுப்பதற்கும் அதிக தூரமில்லை. இருந்தாலும் நம் நாக்கில் முதலில் வருவது 'ஆகும்' என்பதுதான். இதை நான் ஒரு விடைத்தாளில் கண்டேன். பள்ளிக்கூடத்துக்கு வர உனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இங்கிலீஷில் கேட்டிருந்தேன். ஒரு பையன், 'டு மீ ஒன் அவர் பிகம்ஸ்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அதோடு விடாமல் வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவன் இங்கிலீஷ் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

என்னுடைய சமாதானத்தை எழுதி முடித்த அன்று இரவு அந்த வட்டம் ஞாபகம் வந்தது. 'இட்' என்னும் துண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. இருவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதானே? அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அவனுடைய வாக்கியத்தில் 'பிகம்ஸ்' என்ற சொல்லைப் பார்த்தவன், 'ஒன் அவர்' என்பதைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவனை அழைத்து, "ஏன் தம்பி, ஒரு மணி நேரமா ஆகிறது?" என்று கேட்டேன்.

"பஸ் கிடைத்தால் ஒரு மணி ஆகும், சார். விட்டுவிட்டால் நடக்க வேண்டும்; ஒன்றே முக்கால் ஆகும்" என்றான்.

காலை மணிக்குப் பிறகு வந்ததற்காக அவனை எத்தனை நாள் வாசலில் நிறுத்தியிருக்கிறேன் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை. விடைத்தாளை வாங்கி, வட்டத்தை அடித்துவிட்டு, அரை மதிப்பெண் சேர்த்தேன். சரியான வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "அது யார் சார், 'இட்'?" என்று கேட்டான். ரயிலில் போடும் துண்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான்.

என் சமாதானத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்கு எத்தனை வாரம் ஆகுமோ!